கைப்பிடியும் கேமராவும்

புதுக் கார் வாங்கப் போனால் விற்பனையாளர் முதலில் காட்டுவது நடுவில் இருக்கும் திரையைத்தான். அது எத்தனை அங்குலம், கைப்பேசியை அதில் எப்படி இணைப்பது, பாட்டு எத்தனை ஸ்பீக்கரில் வரும், இரவில் கதவோரம் என்ன நிறத்தில் விளக்கு எரியும் என்று சொல்லிக்கொண்டே போவார். நாமும் தலையாட்டிக்கொண்டே இருப்போம். ஒன்பது வருடத் தவணைக்குக் கையெழுத்துப் போட்டுக் காரை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆறு மாதம் ஓட்டிய பிறகுதான் எது உண்மையில் உதவுகிறது என்று தெரிய வரும். பெரும்பாலும் அது விற்பனையாளர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன ஒன்றாக இருக்கும். சில சமயம் அவர் சொல்லவே சொல்லாததாகவும் இருக்கும்.

என் காருக்கு இப்போது நான்கு வயது. எந்த கார் என்று எழுதப் போவதில்லை, விளம்பரம் மாதிரி ஆகிவிடும். நடுத்தர விலை, ஐந்து பேர் உட்காரலாம், அவ்வளவுதான். இந்த நான்கு வருடத்தில் கதவோர விளக்கின் நிறத்தை நான் ஒருமுறைகூட மாற்றியதில்லை. எப்படி மாற்றுவது என்றும் மறந்துவிட்டது. ஆனால் வேறு சில வசதிகள் இல்லாவிட்டால், அறுபத்திரண்டு வயதில் வாரம் மூன்று நாள் விடியற்காலையில் காரை எடுத்துக்கொண்டு போகும் தைரியம் எனக்கு இருக்குமா என்பது சந்தேகம்.

நான் ஓட்டக் கற்றுக்கொண்டது 1987-இல். அதற்கு இரண்டு வருடம் முன்புதான் புரோட்டோன் சாகா வந்திருந்தது. கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். கதவைப் பூட்டினால் நான்கு பக்கமும் நடந்து இழுத்துப் பார்க்க வேண்டும். பிறகு எங்கள் வீட்டுக்குச் சொந்தமாக வந்தது ஒரு கான்சில். 1994-இல் பெரோடுவா கொண்டுவந்த அந்த 660 சிசி குட்டிக் கார்தான் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களை மோட்டார் சைக்கிளிலிருந்து இறக்கி நான்கு சக்கரத்தில் ஏற்றியது. நாங்கள் வாங்கியதில் பவர் ஸ்டீரிங் கிடையாது. ஓடும்போது தெரியாது. சுங்கைப்பட்டாணிக் கடைத் தெருவில் இரண்டு கார்களுக்கு நடுவில் சொருகி நிறுத்தும்போது தோள்பட்டை கழன்று வரும். அப்போது எனக்கு முப்பது வயது சொச்சம். அந்த வயதில் தோள் வலி ஒரு செய்தியே இல்லை.

என் அண்ணனுக்கு இந்தக் கதையைச் சொன்னால் சிரிப்பார். அவர் லோரி ஓட்டியவர். தோட்டங்களிலிருந்து ரப்பர் பால் ஏற்றிக்கொண்டு பாலிங், கிரிக் மலைப்பாதையில் இரவும் பகலுமாக ஓடிய மனிதர். என் புதுக் காரை முதல் முதலில் பார்த்தபோது ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கதவைத் திறந்து, சாவித் துவாரத்தைத் தேடினார். இல்லை. ஹேண்ட் பிரேக்கைத் தேடினார். அதுவும் இல்லை, ஒரு சின்னப் பொத்தான்தான் இருந்தது. பின்னால் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இது சோம்பேறிங்களுக்குச் செஞ்ச காடிம்மா," என்றார்.

அன்று நான் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் மனத்தில் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவளுக்கு, ஒரு சொல் ஒட்டிக்கொண்டால் அதைத் துருவிப் பார்க்காமல் இருக்க முடியாது. இந்த வசதிகளையெல்லாம் யார், எதற்காகக் கண்டுபிடித்தார்கள் என்று தேடிப் படித்தேன். படித்ததில் சோம்பேறி யாரும் அகப்படவில்லை.

ஆரம்பக் காலக் கார்களை முன்பக்கம் நின்று ஓர் இரும்புக் கைப்பிடியைச் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கைப்பிடி திரும்பி அடித்து மணிக்கட்டை உடைத்துவிடும். உடல் பலம் இல்லாதவர்கள் கார் ஓட்டுவதை நினைத்துப் பார்க்கவே முடியாத காலம் அது. சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியாளர் செய்த மின்சார ஸ்டார்ட்டர் 1912 மாடல் காடிலாக் கார்களில் வந்த பிறகுதான், பெண்களும் வயதானவர்களும் தயங்காமல் காரில் ஏறி உட்கார்ந்தார்கள். நெடுஞ்சாலையில் காலை எடுத்துவிட்டாலும் வேகம் மாறாமல் போகும் குரூஸ் கண்ட்ரோல் இருக்கிறதே, அதற்கு 1950-இல் காப்புரிமை பெற்ற ரால்ஃப் டீட்டர் ஐந்து வயதிலேயே கண் பார்வையை இழந்தவர்.  பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போகும்போது ஓட்டுபவர் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக் குலுக்குவது அவருக்குப் பிடிக்கவில்லை என்று சொல்வார்கள். 1958-இல் கிரைஸ்லர் கார்களில் அது விற்பனைக்கு வந்தது.

உடம்பில் ஒரு குறை இருந்தவர், அல்லது குறை உள்ளவர்களை மனத்தில் வைத்தவர், இப்படிப்பட்டவர்கள்தான் பல வசதிகளுக்குப் பின்னால் இருக்கிறார்கள். முப்பது வயதுக்காரருக்கு அது சொகுசு. கழுத்து திரும்பாதவருக்கு அப்படி இல்லை.

கழுத்து என்று சொன்னதும் என் கதைக்கு வருகிறேன். ஐம்பத்தைந்தாவது வயதில் எனக்குக் கழுத்து எலும்பு தேய்மானம் என்று டாக்டர் சொன்னார். வலப்பக்கம் ஓரளவு திரும்பும். இடப்பக்கம் பாதியோடு நின்றுவிடும். பின்னால் முழுதாகத் திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் இடுப்போடு சேர்த்துத் திருப்ப வேண்டும். சமையலுக்கும் கோயிலுக்கும் இது ஒரு தடையே இல்லை. காரைப் பின்னால் எடுப்பதற்கு மட்டும் பெரிய தடை.

எங்கள் தாமானில் எல்லாம் வரிசை வீடுகள். வாசலில் ஒரு கார் நிற்கிற அளவு போர்ச், அதைத் தாண்டி ஒரு சாக்கடை, அதன்மேல் இரும்புச் சட்டம், அப்புறம் தெரு. எதிர் வீட்டுக்காரரின் இரண்டாவது கார் எப்போதும் தெருவில்தான் நிற்கும். பக்கத்து வீட்டில் மூன்று பிள்ளைகள், கடைக்குட்டிக்கு இரண்டரை வயது. கேட் திறக்கிற சத்தம் கேட்டால் ஓடி வந்துவிடுவான். எனக்கு "டாட்டா" காட்டுவதில் அவனுக்கு அப்படி ஓர் ஆசை. அவன் உயரம் என் காரின் பின்பக்க விளக்கு வரைக்கும்கூட வராது. நடுக் கண்ணாடியில் தெரிய மாட்டான். பக்கக் கண்ணாடியிலும் தெரிய மாட்டான். கழுத்து நன்றாகத் திரும்புகிறவருக்கும் தெரிய மாட்டான் என்பதுதான் இதில் முக்கியம்.

2002-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஒரு தந்தை தன் வீட்டு வாசலிலேயே காரைப் பின்னால் எடுத்தபோது, அவருடைய இரண்டு வயது மகன் சக்கரத்தில் மாட்டி இறந்துபோனான். அந்தத் தந்தை ஒரு குழந்தை நல மருத்துவர். பெற்றோர்களும் நுகர்வோர் அமைப்புகளும் போராடி, 2008-இல் அந்தப் பிள்ளையின் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. ஆனாலும் அங்கே விற்கப்படும் ஒவ்வொரு புதுக் காரிலும் பின்பக்கக் கேமரா கட்டாயம் என்று ஆவதற்கு 2018 மே மாதம் ஆகிவிட்டது. ஒரு கேமராவும் ஒரு சின்னத் திரையும். அதற்குப் பதினாறு வருடம்.

இதைப் படித்த நாளிலிருந்து ரிவர்ஸ் கியர் போட்டதும் திரையில் வருகிற அந்தப் படத்தை நான் வேறு மாதிரிதான் பார்க்கிறேன். பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள். சிவப்புக் கோட்டுக்குள் ஒரு பூனை, ஒரு செருப்பு, காற்றில் உருண்டு வந்த வாளி. ஒரு நாள் அந்தச் சின்னப் பயலின் இரண்டு கால்கள். நான் பிரேக்கை விடவே இல்லை, கார் அசையவும் இல்லை. கண்ணாடியை இறக்கி அவன் அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து தூக்கிக்கொண்டு போனார். அவன் தோளுக்கு மேலாக எனக்கு டாட்டா காட்டிக்கொண்டே போனான். அவ்வளவுதான் நடந்தது. அன்று பகல் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கேமராவுக்கும் குறை உண்டு. நம் ஊர் மழையில் அந்தச் சின்னக் கண்ணாடியில் ஒரு சொட்டு நின்றால் போதும், எல்லாம் கலங்கிவிடும். ஒரு பழைய பனியன் துணியைக் கதவுப் பையிலேயே வைத்திருக்கிறேன். கேமரா காட்டுவது நேர் பின்பக்கத்தை. பக்கவாட்டிலிருந்து ஓடி வருகிறவனை அது கடைசி நிமிடத்தில்தான் காட்டும். அதனால் ஏறுவதற்கு முன் ஒரு முறை பின்னால் போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.

வாரம் மூன்று நாள் என்று சொன்னேன். என் கணவருக்கு இருபது வருடச் சர்க்கரை. மூன்று வருடமாக டயாலிசிஸ். காலை ஆறு மணிக்கு அவரை இயந்திரத்தோடு இணைத்துவிடுவார்கள், நான்கு மணி நேரம் ஓடும். ஐந்தேகாலுக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அவர் முன்பு ஓட்டியவர்தான், என்னைவிட நன்றாகவே ஓட்டியவர். சர்க்கரை கண்ணையும் தொட்ட பிறகு அவரே சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். பெரியவன் கோலாலம்பூரில், சின்னவள் சிங்கப்பூரில். வாடகைக் கார் கூப்பிடலாம், சில நாள் கூப்பிட்டும் இருக்கிறோம். அந்த நேரத்தில் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. டயாலிசிஸ் அப்படித் தள்ளிப்போடக்கூடிய காரியமில்லை.

அந்த ஐந்தேகால் மணிக்குத்தான் நான் ஒவ்வொரு வசதியாக அறிந்துகொண்டேன். ஒரு கையில் அவருடைய போர்வை, தண்ணீர்ப் போத்தல், மருந்துப் பை. இன்னொரு கை அவர் முழங்கையைப் பிடித்திருக்கும். சாவியைத் தேடிக் கைப்பைக்குள் துழாவ மூன்றாவது கை கிடையாது. சாவி பைக்குள் இருந்தபடியே இருக்க, கதவுப்பிடியில் விரலை வைத்தால் பூட்டுத் திறந்து, மடங்கியிருந்த பக்கக் கண்ணாடிகள் விரிந்து, உள் விளக்கு எரிகிறது. திரும்பி வந்து பூட்டும்போது அந்தக் கண்ணாடிகள் மீண்டும் மடங்கும். பூட்டினோமா இல்லையா என்ற சந்தேகமே வராது. டயாலிசிஸ் மையத்தின் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாலே தெரியும், காது மடங்கிய நாய்க்குட்டி மாதிரி நிற்கும்.

இருட்டில் முன்விளக்கு தானாக எரிகிறது. இதையும் அண்ணன் சோம்பேறிக் கணக்கில்தான் சேர்த்தார். ஆனால் விடியற்காலையில் நம் சாலைகளில் விளக்குப் போட மறந்து போகிற கார்களை எண்ணிப் பாருங்கள். தெருவிளக்கு வெளிச்சத்தில் ஓட்டுபவருக்குச் சாலை நன்றாகத்தான் தெரியும், அவர் மற்றவர்களுக்குத் தெரிய மாட்டார்.

சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது பிரேக்கை ஒரு முறை அழுத்தி நிறுத்திவிட்டால், காலை எடுத்தாலும் கார் அப்படியே நிற்கிறது. எண்ணெயை மிதித்தால்தான் நகரும். 'ஆட்டோ ஹோல்ட்' என்பார்கள். இதன் அருமை வலது முழங்கால் தேய்ந்தவருக்கு மட்டுமே தெரியும். பட்டர்வொர்த் பக்கம் போய் பினாங்குப் பாலத்து நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்து பாருங்கள். முன்னால் நிற்கும் கார் நகர்ந்துவிட்டது, நீ இன்னும் நிற்கிறாய் என்று ஒரு மணி அடித்துச் சொல்கிறதே, அதை முதலில் கேலி செய்தேன். இப்போது பக்கத்தில் தூங்கிக்கொண்டு வருபவரின் போர்வையைச் சரி செய்கிற அந்த இரண்டு விநாடியில் அது எனக்குத் துணை.

ஆனால் என் கணவரைக் கேட்டால் அவர் சொல்லும் பதில் வேறு. அவருக்குப் பிடித்த வசதி, கதவுக்கு மேலே கூரையில் இருக்கும் கைப்பிடி. டயாலிசிஸ் முடிந்து வெளியே வரும்போது இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். இடக்கையில் ஊசி குத்திய இடத்தில் கட்டு. அந்தக் கைக்கு வேலை கொடுக்கக் கூடாது. வலக்கையால் அந்தப் பிடியைப் பற்றிக்கொண்டு, முதலில் உட்கார்ந்து, அப்புறம் ஒவ்வொரு காலாக உள்ளே எடுப்பார். இருக்கை மிகத் தாழ்வாக இருந்தால் விழுவது போல் உட்கார வேண்டும், மிக உயரமாக இருந்தால் ஏற முடியாது. எங்கள் காரில் அது அவர் இடுப்பு உயரத்துக்குச் சரியாக அமைந்தது எங்கள் அதிர்ஷ்டம். இதில் மின்சாரமோ கணினியோ எதுவும் இல்லை. எந்த விளம்பரத் தாளிலும் கைப்பிடி என்ற சொல்லை நான் பார்த்ததில்லை. வயதான பெற்றோரை ஏற்றி இறக்குகிறவர்கள் கார் பார்க்கப் போனால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போய், ஒரு முறை ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். திரையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

காலை பத்தரைக்குத் திரும்பும்போது சாலையே வேறு. தொழிற்பேட்டைப் பக்கமாக வர வேண்டும். மோட்டார் சைக்கிள்கள் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போகும். நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள்தான். ஒவ்வொரு வருடமும் பேப்பரில் படிக்கிறோம். படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறோம். என் கழுத்தின் இடப்பக்கம் பாதியோடு நிற்கிறது என்று சொன்னேனே, அந்தப் பாதியில்தான் அவர்கள் வருகிறார்கள். பக்கக் கண்ணாடியின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன விளக்கு. பக்கத்தில் யாராவது வந்தால் எரியும். நான் சிக்னல் போட்ட பிறகும் அவர் அங்கேயே இருந்தால் மினுக்கும், சத்தமும் போடும். ஒரு நாளைக்கு எத்தனை முறை அது எரிகிறது என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். முன்னெல்லாம் இத்தனை பேர் என் பக்கத்தில் வந்துகொண்டா இருந்தார்கள் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்கியது.

இந்த விளக்கு ஒரு காலத்தில் பெரிய விலைக் கார்களில்தான் இருந்தது. 2021-இல் புதுப்பிக்கப்பட்ட மைவியின் உயர்ந்த ரகத்தில் அது வந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, அந்தக் காரை வாங்குகிறவர்களுக்காக மட்டுமல்ல. அவர்களுக்குப் பக்கத்தில் கப்சாயில் போகப்போகிற பிள்ளைகளுக்காகவும்தான். ஆனால் அடிப்படை ரகத்தில் அது இல்லை. மைவியில் கடைசி விலை கொடுக்க முடியாதவருக்கும் கழுத்து வலி வரும்தானே?

எல்லாமே நல்லது என்று சொல்ல மாட்டேன். ஏர்கோனைத் திரைக்குள் கொண்டுபோய் வைத்தது யார் யோசனையோ தெரியவில்லை. டயாலிசிஸ் முடிந்தவருக்குக் குளிர் தாங்காது. "ஏம்மா, கொஞ்சம் குறைச்சு வை," என்பார். பழைய காரில் குமிழைத் தொட்டுத் திருகினால் முடிந்தது, கண் சாலையிலேயே இருக்கும். இப்போது திரையில் படத்தைத் தேடி, தொட்டு, அது வேறெதையோ திறந்து, திரும்ப வந்து, மறுபடி தொட வேண்டும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி கண்ணை எடுத்தால் முப்பது மீட்டருக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு போனதற்குச் சமம். அதனால் மையத்து வாசலிலேயே எல்லாவற்றையும் குறைத்து வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன், எனக்கு வியர்த்தாலும் பரவாயில்லை. கோட்டைத் தாண்டினால் ஸ்டீரிங்கை இழுக்கிற வசதியையும் அணைத்தே வைத்திருக்கிறேன். நெடுஞ்சாலையில் சரி. கம்பத்துச் சாலையில் கோடே பாதி அழிந்திருக்கும், ஆட்டுக்கு ஒதுங்கினாலும் அது நம்மோடு மல்லுக்கு நிற்கும்.

இனி அண்ணன் கதை. அவருக்கு எழுபத்து நான்கு. இன்னும் பழைய சாகாதான், அவரே கழுவி, அவரே எண்ணெய் மாற்றி வைத்திருக்கிறார். அவர் மகன், அதாவது என் மருமகன் முறைப் பையன், போன வருடம் ஒரு நாள் என்னிடம் வந்தான்.

"அத்தை, நீங்க சொன்னாத்தான் கேட்பாரு. சாவியை வாங்கி வைக்கணும். ஏதாச்சும் ஆயிட்டா?"

அவன் பயத்தில் நியாயம் இருந்தது. 2019 ஏப்ரலில் டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில் எண்பத்தேழு வயது முதியவர் ஓட்டிய கார் பாதசாரிகள் மீது பாய்ந்து, ஓர் இளம் தாயும் அவருடைய மூன்று வயது மகளும் இறந்துபோனார்கள். கார் கோளாறு என்று அவர் சொன்னார். பிரேக்குக்குப் பதிலாக எண்ணெயை மிதித்துவிட்டார் என்று நீதிமன்றம் முடிவு செய்து ஐந்து வருடச் சிறைத் தண்டனை கொடுத்தது. முதியவர்கள் நிறைந்த நாடு ஜப்பான். கிராமங்களில் கார் இல்லாமல் அவர்கள் கடைக்கும் மருத்துவமனைக்கும் போக முடியாது. எல்லாரிடமும் சாவியைப் பிடுங்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். தானாகப் பிரேக் போடுவது, பெடலைத் தவறி மிதித்தால் தடுப்பது போன்ற வசதி உள்ள கார்களை மட்டும் ஓட்டலாம் என்று ஒரு தனி வகை உரிமத்தை 2022 மே மாதம் கொண்டுவந்தார்கள். முழு உரிமத்துக்கும் ஒன்றுமில்லாததற்கும் நடுவில் ஒரு படி.

அந்தத் தொழில்நுட்பம் நமக்கு அந்நியமில்லை. பெரோடுவாவின் ஜப்பானியப் பங்காளி டைஹாட்சு. 2017-இல் வந்த மூன்றாம் தலைமுறை மைவியின் உயர்ந்த ரகத்திலேயே பெடல் தவறைத் தடுக்கும் வசதி இருந்தது. முன்னால் சுவரோ காரோ இருக்கும்போது, நின்ற இடத்திலிருந்து எண்ணெயை ஓங்கி மிதித்தால், எஞ்சின் சக்தியைக் குறைத்துவிட்டு அலறும். உணவுக்கடை வாசலில் கண்ணாடிக்கு எதிரே காரை நிறுத்துகிற நம் பழக்கத்துக்கு இது எவ்வளவு அவசியம் என்று சொல்லத் தேவையில்லை.

நான் அண்ணனிடம் சாவியைக் கேட்கவில்லை. கண் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பார்வை பரவாயில்லை, ஆனால் இரவில் எதிர் விளக்கு பட்டால் கண் கூசித் தெளிய நேரமாகிறது என்றார்கள். திரும்பி வரும்போது அவர் பேசவே இல்லை. வீட்டு வாசலில் இறங்குவதற்கு முன் சொன்னார்: "ராத்திரி வேணாம். மழையில வேணாம். ஹைவே வேணாம். பகல்ல மார்க்கெட்டு, கோயிலு. அது போதும் எனக்கு." லோரிக்காரர் ஒருவர் மலைப்பாதையையும் இரவையும் தானாகவே விட்டுக்கொடுத்தால் அது சின்ன விஷயமில்லை. மருமகன் சாவியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு, சில நூறு வெள்ளி செலவில் அந்தப் பழைய சாகாவுக்கு ஒரு பின்பக்கக் கேமரா மாட்டிக் கொடுத்தான். அண்ணன் ஒரு மாதம் அந்தத் திரையின்மேல் துண்டைப் போட்டு வைத்திருந்தார். பிறகு துண்டு எப்போது போனது என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் எனக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை. இரண்டு வாரத்துக்காவது ஸ்டீரிங்கைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். டயாலிசிஸ் மையத்தில் பேசியதில், அந்த இரண்டு வாரத்துக்கு அவரை மதிய நேரத்துக்கு மாற்றித் தருவதாக ஒத்துக்கொண்டார்கள். பகல், பத்து நிமிட ஓட்டம், நெடுஞ்சாலை கிடையாது. அண்ணன்தான் என் காரில் கொண்டுபோய்விடப் போகிறார்.

போன சனிக்கிழமை ஒத்திகைக்கு வந்தார். என் கணவர் கைப்பிடியைப் பிடித்து முன்னால் ஏறினார், நான் பின்னால் உட்கார்ந்தேன். ஆட்டோ ஹோல்ட் பொத்தானை இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டார். ஆரஞ்சு விளக்கு எதற்கு என்று கேட்டார், சொன்னேன். "லோரியில இது இருந்திருக்கணும்," என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ரிவர்ஸ் போட்டதும் திரையில் கோடுகள் வந்தன. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு கியரைத் திரும்பப் பார்க்கிங்கில் போட்டுவிட்டு, கதவைத் திறந்து இறங்கி, காரின் பின்பக்கம் வரை நடந்து போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.